வரைந்த படம் மேசைக்கு வரும்வரை: கொங்குநாட்டுப் புதிய ஓவியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் தனியாக உட்கார்ந்து படம் வரைகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். கல்லூரியை இப்போதுதான் முடித்தவர்கள், பகலில் பனியன் கம்பெனி டிசைன் பிரிவில் வேலை பார்த்துவிட்டு இரவில் தமக்காக வரைபவர்கள், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு டேப்லெட்டை எடுப்பவர்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு ஆசைகள் உண்டு. காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் காமிக் கான் போன்ற விழாவில், தம் படங்களை விற்கச் சொந்தமாக ஒரு மேசை போட வேண்டும். ஒரு டிசைன் போட்டியிலாவது தேர்வாக வேண்டும். அந்த இரண்டுக்கும் எப்படித் தயாராவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

பெருநகரத்து ஓவியர்கள் பலருக்கு வாய்க்காத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. ஒரு படம் துணியில் எப்படி விழும் என்று பார்க்க நமக்குத் திருப்பூர் பஸ் ஏறினால் போதும். படத்தை முழுக்க முடித்துவிட்டு அச்சுக்குப் போகாதீர்கள். அச்சடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து படத்தை முடியுங்கள். சந்தைக்கும் போட்டிக்கும் நான் சொல்லக்கூடியதில் முக்கியமானது இதுதான்.

எங்கே போகிறோம்?

காமிக் கான் சென்னைக்கு முதன்முதலாக 2024 பிப்ரவரியில் வந்தது. இடம் சென்னை வர்த்தக மையம். பெங்களூரில் 2012 முதலே நடக்கிறது. இந்த விழாக்களில் தனி ஓவியர்களுக்கென்று ‘ஆர்ட்டிஸ்ட் ஆலி’ என்ற வரிசை உண்டு. மேசை வாடகை கட்டி இடம் பிடிக்க வேண்டும். விழாவுக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பம் கேட்டுவிடுவார்கள்.

ஆனால் முதல் மேசையைச் சென்னையில் போடாதீர்கள் என்பது என் எண்ணம். ஓவியர்கள் தெருவில் படங்களை வைத்து விற்கும் கோயம்புத்தூர் விழாவின் ஆர்ட் ஸ்ட்ரீட் இருக்கிறது. ஜூலையில் கொடிசியாவில் கோவை புத்தகத் திருவிழா, ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா. புத்தகத் திருவிழாவில் ஓவியருக்கென்று தனிக் கடை கிடைப்பது கடினம். ஆனால் தெரிந்த பதிப்பாளர் ஒருவர் தம் கடையில் ஒரு மூலை கொடுத்தால் அதுவே போதும். வீட்டுச் சாப்பாடு, வீட்டுத் தூக்கம், தீர்ந்துபோனால் மறுநாள் காலையில் இன்னும் பத்துத் தாள் அடித்துக்கொண்டு போகும் வசதி. முதல் தடவைக்கு இவை பெரிய துணை.

போட்டிகளில் பல வகை. சிகாகோவில் 2000இல் தொடங்கிய திரெட்லெஸ் போன்ற தளங்கள் ஒரு கருப்பொருள் கொடுத்து டி-ஷர்ட் டிசைன் கேட்கும். 2014இல் தொடங்கிய மத்திய அரசின் மைகவ் தளத்தில் இலச்சினைப் போட்டிகள் அடிக்கடி வரும். இவை தவிர நிறுவனங்களும் கல்லூரிகளும் நடத்துபவை.

இங்கே புதியவர்கள் கவனிக்க வேண்டியது வரிசை. பல போட்டிகள் இதுவரை எங்கும் வெளியாகாத படத்தைத்தான் ஏற்கும். வரைந்த அன்றே இன்ஸ்டாகிராமில் போட்டு, மறுவாரம் ஸ்டிக்கராக விற்றுவிட்டால் அந்தப் படம் போட்டிக்குப் போகாது. அதனால் ஒரு படத்துக்குப் போட்டி முதலில், சந்தை பிறகு. தேர்வாகாமல் திரும்பி வந்த படம் வீணாவதில்லை. உரிமை உங்களிடமே இருந்தால், அது மேசைக்கு வரும்.

எதை வரைவது?

பிரபலமான கதாபாத்திரங்களை வரைந்து விற்பதை எல்லா விழாவிலும் பார்ப்பீர்கள். விற்பனையும் ஆகும். ஆனால் அந்தக் கதாபாத்திரத்தின் உரிமை வேறொருவருடையது, போட்டிகளில் அதற்கு இடமில்லை, அதை வாங்குபவர் உங்கள் பெயரை நினைவில் வைத்துக்கொள்வதும் குறைவு. சொந்தப் படம் மெதுவாக விற்றாலும் அதில்தான் தொடங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

நம் ஊரிலேயே எவ்வளவு இருக்கிறது! காங்கேயம் காளையை எடுத்துக்கொள்ளுங்கள். கன்று பிறக்கும்போது செந்நிறம். ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். வளர்ந்த காளைக்குத் திமிலும் கழுத்தும் கருத்திருக்கும். இது தெரிந்து வரைந்த படத்துக்கும், ஏதோ ஒரு மாட்டைப் பார்த்து வரைந்த படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மாட்டுச்சந்தைக்குப் போய்ப் பழகியவர் உடனே சொல்லிவிடுவார். கொடுமணல் அகழாய்வில் கிடைத்த கல்மணிகள், குமிட்டிபதிப் பாறை ஓவியங்கள், நீலகிரி வரையாடு, பல்லடத்து விசைத்தறிக் கொட்டகை, பவானி ஜமக்காளத்தின் பட்டைகள். இவற்றில் எதையும் நேரில் போய்ப் பார்த்து, பென்சிலில் கையடக்கமாக வரைந்து எடுத்துவந்து, பிறகு டிசைனாக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. தோடர்களின் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக அந்தப் பெண்கள் தைக்கும் வடிவங்களை அப்படியே எடுத்து டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்பது சரியல்ல. அண்ணன்மார் கதையை வரைபவர்கள், அது பல குடும்பங்களுக்குக் கும்பிடும் தெய்வத்தின் கதை என்பதை நினைவில் வைத்து வரைய வேண்டும்.

கட்டைவிரல் அளவில் பாருங்கள்

போட்டி நடுவர் உங்கள் படத்தை முதலில் பார்ப்பது, நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களில் ஒன்றாக. சந்தைக்கு வருபவர் பார்ப்பது ஆறடி தள்ளி, நடந்துகொண்டே. இரண்டும் ஒரே சோதனைதான். படத்தை போன் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். என்ன உருவம் என்று தெரிகிறதா? பிறகு அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் பிரிந்து தெரிகிறதா? தெரியாவிட்டால் கோடுகளைக் கூட்டிப் பயனில்லை. இருள் எங்கே, வெளிச்சம் எங்கே என்பதை மாற்றி அமைக்க வேண்டும். இந்தச் சோதனையை முதல் கோட்டோவியத்திலேயே செய்தால் நாலு நாள் வேலை மிச்சம்.

ஃபைல்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாளில் அடிக்க 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி. அந்தக் கணக்கில் ஏ4 தாளுக்கு 2480 × 3508 பிக்சல், ஏ3க்கு 3508 × 4961. டி-ஷர்ட்டின் மார்புப் பகுதிக்கு 12 × 16 அங்குலம் என்று வைத்தால் 3600 × 4800. சின்னதாக வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் படம் தெளிவிழக்கும், ஆகவே தொடக்கத்திலேயே பெரிய அளவில் திறந்துகொள்ளுங்கள். தாளில் வெட்டுவதற்காக நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வண்ணத்தை நீட்டுங்கள். முக்கியமான எழுத்தோ முகமோ ஓரத்திலிருந்து குறைந்தது 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும்.

திரையில் மின்னும் நீலமும் கிளிப்பச்சையும் நாலு வண்ண அச்சில் மங்கும். அதனால் லேயர்கள் பிரிந்திருக்கும் மூல ஃபைலைத் திரைக்கான வண்ண முறையான ஆர்ஜிபியில் பத்திரமாக வைத்து, அச்சுக்கு ஒரு பிரதியை நாலு வண்ண முறையான சிஎம்ஒய்கேயில் எடுத்துப் பாருங்கள்.

தமிழ் எழுத்து இருந்தால் இன்னொன்றும் உண்டு. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டிய வரி, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது குப்பையாக மாறிவிடும். யூனிகோடிலும் சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறும். ஆகவே அனுப்புமுன் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிவிடுங்கள். டிசைனர்கள் ‘கர்வ்’ ஆக்குவது என்பார்கள். மாற்றிய பிறகு ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பாருங்கள். முடிந்தால் எழுத்தையும் கையாலேயே எழுதுங்கள். எழுத்துருவின் உரிமம் பற்றிய கேள்வியே எழாது, படத்தோடும் ஒட்டும்.

திருப்பூர்ப் பட்டறையில் ஒரு நாள்

டி-ஷர்ட் டிசைன் செய்ய நினைப்பவர் கட்டாயம் ஒரு பிரிண்டிங் பட்டறைக்குள் போய் நின்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் வேண்டாம், அப்போது பேச யாருக்கும் நேரம் இருக்காது. தீபாவளி முடிந்தும் பல நாள் ஊருக்குப் போன ஆட்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். குளிர்கால விழாக்களுக்குத் தயாராகிறவர்கள் சாம்பிள் வேலையைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுவது நல்லது.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு ஸ்கிரீன், அதாவது வலைத்துணி கட்டிய ஒரு சட்டம். வண்ணம் வண்ணமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பிலிம் எடுத்து, மருந்து பூசிய ஸ்கிரீனில் வெளிச்சம் காட்டிக் கழுவ வேண்டும். அந்தச் செலவு பத்துப் பீஸுக்கும் ஒன்றுதான், ஆயிரம் பீஸுக்கும் ஒன்றுதான். ஆகவே வண்ணத்தைக் குறைப்பதுதான் டிசைனரின் திறமை. படத்தைக் காட்டிக் கேளுங்கள்.

“ஏனுங்கண்ணா, இதுக்கு எத்தனை ஸ்கிரீன் வேணுங்க?”

“எட்டுக் கலர் இருக்குதுங் தம்பி. இந்த ரெண்டு பச்சையும் ஒண்ணாக்கிட்டா ஏழு. நெழலுக்குத் துணியோட கலரையே விட்டுட்டா ஆறு.”

இப்படி ஒரு பதில் கிடைத்தால் அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். துணியின் நிறத்தையே ஒரு வண்ணமாகப் பயன்படுத்துவது, டி-ஷர்ட் போட்டிகளில் தேர்வாகும் பல டிசைன்களில் நீங்கள் பார்க்கக்கூடிய உத்தி. கறுப்புத் துணியில் காளையின் கழுத்துக் கருமையை அச்சடிக்கவே வேண்டாம். வெளிச்சம் படும் இடங்களை மட்டும் அடித்தால் மிச்சத்தைத் துணி பார்த்துக்கொள்ளும்.

கறுப்பு, நேவி போன்ற அடர்ந்த துணிகளில் மற்ற வண்ணங்கள் எடுப்பாகத் தெரிய அடியில் வெள்ளை அடிக்க வேண்டும். அதுவும் ஒரு ஸ்கிரீன்தான், கணக்கில் சேருங்கள். இரண்டு வண்ணம் சேரும் ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும்படி வரையுங்கள். துணி இழுபடும் பொருள், ஸ்கிரீன் மயிரிழை நகர்ந்தாலும் நடுவில் இடைவெளி தெரியும். மிக மெல்லிய கோடுகளைத் தவிருங்கள். வண்ணம் படிப்படியாக மங்கிப்போகும் இடங்களைப் புள்ளிகளாக உடைக்க வேண்டும். அந்தப் புள்ளி எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதைப் பட்டறைக்காரரிடம்தான் கேட்க வேண்டும், அவர் வைத்திருக்கும் ஸ்கிரீனின் நெசவைப் பொறுத்தது அது.

இருபது முப்பது பீஸ் மட்டும் வேண்டும் என்றால் டிடிஎஃப் வசதி. பிலிமில் படத்தை அச்சடித்து, அதன்மேல் வெள்ளை மை பரப்பி, பசைத்தூள் தூவி உருக்கி, பிறகு சூட்டில் அழுத்தித் துணியில் ஒட்டுவது. எத்தனை வண்ணம் இருந்தாலும் கவலையில்லை, ஒரே ஒரு பீஸ்கூட அடிக்கலாம். இதற்கும் குணம் உண்டு. பெரிய நிரப்பிய கட்டமாக அடித்தால் மார்பில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியதுபோல் இருக்கும். நம் வெயிலில் யாரும் அதை இரண்டாம் முறை போட மாட்டார்கள். படத்துக்குள் துணி தெரியும் இடைவெளிகளை விடுங்கள். பாதி ஒளிபுகும் பிசிறான ஓரங்களும் ஆகாது, அடியில் உள்ள வெள்ளை விளிம்பாகத் தெரியும். ஓரங்களைத் துல்லியமாக வெட்டி முடியுங்கள்.

பனியனை வாங்கும்போது துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று கேளுங்கள். 180க்குப் பக்கமாக இருந்தால் நம் ஊருக்கு நன்றாக இருக்கும். திருப்பூர் காதர்பேட்டைப் பனியன் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைப்பதில் அளவு ஒரே மாதிரி இருக்கிறதா என்று டேப் வைத்துப் பார்த்து வாங்குங்கள்; ‘எல்’ என்று எழுதியதெல்லாம் ஒரே எல் அல்ல. அச்சடித்த முதல் பீஸை வீட்டுக்குக் கொண்டுபோய் உள்பக்கம் வெளியே திருப்பி ஐந்தாறு முறை துவைத்து, வெயிலில் காயவைத்து, விரலால் இழுத்துப் பாருங்கள். வெடிப்பு விட்டால் சூடு போதவில்லை என்று சந்தேகிக்கலாம். மிச்சத்தை அடிக்குமுன் பட்டறையில் சொல்லிவிடுங்கள். பட்டறைக்காரர்கள் இதை மரியாதையாகவே எடுத்துக்கொள்வார்கள், ஏற்றுமதி ஆர்டர்களில் இப்படிச் சோதிப்பது அவர்களுக்கு நாள்தோறும் பழக்கம்.

போட்டிக்கு மட்டும் அனுப்புபவர்கூட ஒரே ஒரு பீஸ் அடித்துப் பார்க்கலாம். அதை ஒரு ஆள் போட்டு நிற்கும் படத்தை எடுங்கள். வயிற்றின் மேல் எங்கே விழுகிறது, மடிப்பில் எது மறைகிறது என்பது தெரியும். திருத்திய பிறகு அனுப்புங்கள்.

தாளும் ஸ்டிக்கரும்

மேசையில் அதிகம் கைமாறுவது சிறியவையே. 13 × 19 அங்குலத் தாளில், வெட்டுக்கான கூடுதல் ஓரத்தோடு, ஏ6 அளவு அட்டைகள் எட்டு வைக்கலாம். ஒரே படத்தை எட்டு அடிப்பதைவிட நாலு படத்தை இரண்டிரண்டாக அடித்துப் பாருங்கள். எது விற்கிறது என்று தெரிந்த பிறகு பெருக்கலாம். அட்டைக்கு 300 ஜிஎஸ்எம். பளபளப்பு லேமினேஷன் அரங்க விளக்கில் கண்ணைக் கூசவைக்கும். மேட் நன்றாக இருக்கும். ஸ்டிக்கர் தாளாக இருந்தால் தண்ணீரில் ஊறும், வண்டியில் ஒட்ட வினைல் கேளுங்கள்.

ஜூலைச் சாரல் பெய்யும் நாட்களில் தாள் ஈரம் குடித்து வளையும். ஒவ்வொரு படத்தையும் பின்னால் ஓர் அட்டை வைத்துக் கண்ணாடி உறையில் போட்டுவிடுங்கள்.

விதிமுறைத் தாளை வாசிப்பது

போட்டிக்கு அனுப்பும் முன் இதற்கு ஒரு முழு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். பார்க்க வேண்டியது பரிசுத்தொகையை அல்ல, உரிமை யாருக்குப் போகிறது என்பதை.

இந்திய ரூபாயின் குறியீடு ஒரு திறந்த போட்டியில் பிறந்தது. 2009இல் அறிவித்தார்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் வந்தன, தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமார் அப்போது ஐஐடி மும்பையில் ஆய்வு மாணவர். தேவநாகரி ‘ர’வையும் ரோமன் எழுத்து ‘ஆர்’ஐயும் இணைத்த அவர் வடிவத்தை 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஏற்றது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய், உரிமை அரசுக்கு. ஒரு நாட்டின் நாணயக் குறியீடு என்பதால் அது நியாயம். ஆனால் ஒரு நிறுவனம், தேர்வானது ஆகாதது எல்லாப் படைப்புகளின் உரிமையும் தனக்கே என்று விதியில் எழுதியிருந்தால், அந்தப் போட்டிக்கு அனுப்பாதீர்கள். பெரிய பெயராக இருந்தாலும் அனுப்பாதீர்கள். நூறு பேரின் உழைப்பை ஒருவருக்குத் தரும் பரிசில் வாங்கும் ஏற்பாடு அது.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படம் வரைந்த உடனே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும் அது நிற்கும். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு, எந்த ஊர்களுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்று 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் காலம், இடம், எந்தப் பொருள்கள் என்ற மூன்றையும் தேடுங்கள். “நிரந்தரமாக, உலகம் முழுதும், எல்லாப் பொருள்களுக்கும்” என்று இருந்தால் அதற்கேற்ற தொகை கேளுங்கள். வரைந்தவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது.

பனியனுக்கு டிசைன் கொடுப்பவர்கள் அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 பிரதிகளுக்கு மேல் உருவாக்கினால், அதில் பதிப்புரிமை முடிந்துவிடும். அந்தப் பதிவுக்கோ, வடிவமைப்பு முன்பே வெளியாகாமல் இருக்க வேண்டும். எந்தப் படம் இதற்குள் வரும் என்பது வழக்குக்கு வழக்கு வேறுபடும். பெரிய ஆர்டருக்குக் கையெழுத்திடும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள், அந்தச் செலவைத் தயங்காமல் செய்யலாம்.

அனுப்பும்போது முதல் பென்சில் கோடு, நடு நிலைகள், லேயர் ஃபைல் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படம்தானா என்று யார் கேட்டாலும் இவைதான் சாட்சி.

விலையும் மேசையும்

கூச்சப்பட்டு விலை வைக்காதீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். மேசை வாடகை 6,000, போக்குவரத்தும் தங்கலும் 4,000 என்று வையுங்கள். ஒருவர் வாங்கும்போது அச்சுச் செலவு போக 100 ரூபாய் நிற்கிறது என்றால், 100 பேர் வாங்கினால்தான் போட்ட பணம் திரும்பும். இரண்டு நாளில் 20 மணி நேரம். மணிக்கு 5 பேர். நடக்குமா? நடக்காது என்று தோன்றினால் பக்கத்து ஊர் நண்பரோடு மேசையைப் பங்கிடுங்கள், அல்லது 500 ரூபாய்க்கு விற்கக்கூடிய பெரிய பிரிண்ட் இரண்டைச் சேருங்கள். இந்தக் கணக்கில் உங்கள் வரையும் நேரம் இன்னும் சேரவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

மேசை அளவை முன்கூட்டியே கேட்டு, வீட்டுத் திண்ணையில் சுண்ணாம்புக்கட்டியால் அதே அளவு கட்டம் போட்டு எல்லாவற்றையும் அடுக்கிப் பாருங்கள். படுக்கவைத்த படத்தை நடப்பவர் பார்ப்பதில்லை. கம்பிவலைச் சட்டம் ஒன்றை நிறுத்தி, பெரிய படங்களைக் கண்மட்டத்தில் மாட்டுங்கள். விரிப்பு ஒரே நிறமாக, சற்று அடர்த்தியாக இருக்கட்டும். பவானி ஜமக்காளத்தை விரிக்க ஆசை வரும். ஆனால் அதன் பட்டைகள் படங்களோடு போட்டி போடும், ஆகவே அதை மேசையின் முன்பக்கம் தொங்கவிடுங்கள். விலையை எல்லாவற்றிலும் எழுதி வையுங்கள், விலை கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

க்யூஆர் அட்டை இரண்டு. அரங்குக்குள் சிக்னல் சில நேரம் கிடைக்காது, ஆகவே சில்லறையும் வேண்டும். கத்தரி, டேப், கயிறு, கிளிப், பவர் பேங்க், தண்ணீர்.

சென்னைக்கு இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்ட்ரல். படங்களைச் சுருட்டாமல் இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் தட்டையாகக் கட்டிக்கொள்ளுங்கள். சுருட்டிக் கொண்டுபோனால் முதல் நாள் முழுக்க ஓரம் மடங்கியே நிற்கும்.

மேசைக்குப் பின்னால் போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். ஒரு நோட்டில் வரைந்துகொண்டிருங்கள். வரையும் கையைப் பார்க்க ஆட்கள் நிற்பார்கள். நின்றவரிடம் “வாங்குங்க” என்பதைவிட, அந்தப் படம் எந்த ஊரில் எதைப் பார்த்து வரைந்தது என்று இரண்டு வரி சொல்லுங்கள். வாங்காமல் போனாலும் ஒரு சின்ன அட்டையைக் கொடுங்கள்.

எந்தப் படம் எத்தனை போனது, எந்த சைஸ் கேட்டு இல்லாமல் திரும்பினார்கள் என்பதை அன்றன்று இரவே எழுதிவையுங்கள். “டபுள் எக்ஸெல் வந்தா சொல்லுங்க” என்று எண் கொடுத்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் பதில் அனுப்புங்கள். தாமதமானால் அவர்களுக்கு உங்கள் மேசை எது என்பதே மறந்துவிடும்.